இத்தாலியர்களின் சிரிப்பு பிறந்தது வயிற்றிலா, நாக்கிலா?

மூன்றாம் மணி | சனி, இரவு 11.50

நேற்று தூக்கம் வராமல் 1954-இல் வந்த ‘மிசேரியா எ நொபில்தா’ படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ‘வறுமையும் பிரபுத்துவமும்’ என்று தமிழில் சொல்லலாம். இயக்கம் மரியோ மத்தோலி, நடிப்பு டோட்டோ. நேப்பிள்ஸில் ஒரே வீட்டில் முட்டிமோதிக்கொண்டு இரண்டு குடும்பங்கள். வாடகை பாக்கி. வீட்டில் அடகு வைக்கக்கூட ஒன்றும் மிச்சமில்லை. அந்த நிலையில் ஒரு சமையல்காரர் ஆட்களோடு உள்ளே வந்து, மேசையில் ஸ்பகெத்தியை ஆவி பறக்க வைத்துவிட்டுப் போய்விடுகிறார்.

உடனே யாரும் பாயவில்லை. அதுதான் அந்தக் காட்சியின் அழகு. சுவரோரம் உட்கார்ந்திருப்பவர்கள் நாற்காலியோடு கொஞ்சம் நகர்கிறார்கள். நிற்கிறார்கள். யாரும் பார்க்காத பாவனையில் இன்னும் கொஞ்சம். மேசைக்கும் அவர்களுக்கும் நடுவில் மானம் என்று ஒன்று இருக்கிறது, அதை அங்குலம் அங்குலமாகக் கடக்கிறார்கள். கடந்தபின் கேட்க வேண்டுமா! டோட்டோ மேசைமேல் ஏறி ஆடியபடியே இரண்டு கையாலும் அள்ளி வாயில் திணிக்கிறார். வாய் கொள்ளாததைக் கோட்டுப் பையில் திணிக்கிறார்.

சிரித்து முடித்தபின் இத்தாலிய நாடகக்காரர் டாரியோ ஃபோவின் நினைவு வந்தது. 1969-இல் அவர் மேடையேற்றத் தொடங்கிய ‘மிஸ்தேரோ பூஃபோ’வில் ஸன்னி என்ற ஏழை வேலைக்காரன் பசியில் தன்னையே தின்னத் தொடங்குவான். பிறகு ஒரு பெரிய விருந்தைச் சமைப்பதாகக் கனவு காண்பான். விழித்துப் பார்த்தால் ஒன்றுமில்லை, ஓர் ஈதான் பறக்கிறது. அதைப் பிடித்து, காலைத் தனியாக, இறக்கையைத் தனியாகப் பிய்த்து, ரசித்து உண்பான். இந்த ஈ ஃபோ கண்டுபிடித்ததல்ல. முகமூடி நாடகக்காரர்களின் பழைய சரக்கு.

என் கேள்வி இதுதான். இத்தாலிய நகைச்சுவையைப் பற்றி எழுதுகிறவர்கள் முகமூடி, துள்ளல், காதலர் சந்திப்பு என்றே எழுதுகிறார்கள். எனக்கென்னவோ நானூறு, ஐந்நூறு ஆண்டுகளாக அங்கே ஒரே ஒரு நகைச்சுவைதான் இருக்கிறது, அது பசி என்று தோன்றுகிறது. மறுப்பவர்கள் மறுக்கலாம்.

கல்லாப்பெட்டி | ஞாயிறு, காலை 6.15

மறுக்கப் போவதில்லை. கணக்குப்பிள்ளையாகவே காலம் தள்ளியவன், அதனால் என் கண்ணில் பட்டதை மட்டும் சொல்கிறேன்.

இந்த முகமூடி நாடகத்தை ‘கொம்மேதியா தெல்லார்த்தே’ என்பார்கள். இதில் வரும் ‘ஆர்த்தே’ நாம் நினைக்கிற கலை அல்ல, தொழில். தச்சுத்தொழில், தையல்தொழில் மாதிரி நாடகத்தொழில். தொழில் என்றால் பத்திரம் வேண்டுமே! 1545 பிப்ரவரி 25 அன்று பாதுவா நகரில் எட்டு ஆண்கள் ஒரு நோட்டரி முன்னால் உட்கார்ந்து ஒப்பந்தம் எழுதினார்கள். தலைவன் பெயர் மஃபியோ. தொழில்முறை நாடகக் குழு ஒன்றுக்குக் கிடைத்திருக்கிற மிகப் பழைய ஒப்பந்தம் என்று இதைச் சொல்கிறார்கள்.

அதில் நாடகத்தைப் பற்றி அதிகம் இல்லை. வசூலைப் போட்டு வைக்க ஒரு பெட்டி, அதற்கு மூன்று சாவி, மூன்று பேரிடம். யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனால் பொதுப் பணத்திலிருந்து பார்த்துக்கொள்ள வேண்டும். சாமான் சுமக்கப் பொதுச்செலவில் ஒரு குதிரை. இப்போது மூன்றாம் மணி சாருக்கான வரி: தங்களுக்குள் சீட்டாடக் கூடாது, பந்தயம் தின்பண்டமாக இருந்தால் மட்டும் ஆடலாம்.

காசு போனால் சண்டை வரும், சாப்பாடு போனால் சிரித்துக்கொள்ளலாம் என்று நினைத்தார்கள் போல.

ஒற்றெழுத்து | ஞாயிறு, காலை 9.40

நல்ல தொடக்கம். ஆனால் பசி எந்த நாட்டில் இல்லை? பசித்தவனைப் பார்த்துச் சிரிப்பது இத்தாலிக்கு மட்டும் உரியதா? அந்த மண்ணுக்கென்றே உள்ள விசேஷம் மொழிதான்.

இத்தாலி ஒரே நாடானது 1861-இல். அதற்கு முன் ஊருக்கு ஓர் அரசு, அரசுக்கு ஒரு பேச்சு. முகமூடி நாடகத்தில் ஒவ்வொரு பாத்திரமும் ஒவ்வோர் ஊரின் நாக்கு. பணத்தை இடுப்பில் முடிந்துகொண்டு இளம்பெண்களுக்கு ஏங்கும் கிழட்டு வணிகன் பந்தலோனே பேசுவது வெனிஸ் பேச்சு. தப்புத்தப்பாக லத்தீன் உளறும் தொத்தோரே பொலோஞ்ஞாக்காரர், ஏனென்றால் பழம்பெரும் பல்கலைக்கழகம் அங்கேதான். வீம்பு பேசும் கப்பித்தானோ பெரும்பாலும் ஸ்பெயின்காரன், ஏனென்றால் நாட்டின் பாதியில் அவர்கள் படைதான் முகாமிட்டிருந்தது. புல்ச்சினெல்லா நேப்பிள்ஸ். காதலர் இருவருக்கும் முகமூடி கிடையாது, அவர்கள் பேசுவது ஏட்டுத் தஸ்கனி மொழி. வேலைக்கார ஸன்னி பெர்கமோ மலைப்பக்கத்துக்காரன். ‘ஸன்னி’ என்பதே ஜொவான்னி என்ற பெயரின் அந்தப் பக்கத்து உச்சரிப்பு. பிழைப்புக்காக மலையிறங்கி வெனிஸ் துறையில் மூட்டை தூக்கிய கூலிகள் அவர்கள்.

இப்போது ஒரே மேடையில் இவர்கள் எல்லாரையும் நிறுத்துங்கள். ஒருவன் சொன்னதை மற்றவன் வேறாகக் காதில் வாங்குவான். கதை என்று தனியாக ஒன்று தேவையே இல்லை.

இன்னொரு சான்று. 1589-இல் ஃபிளாரென்ஸில் மெதிச்சி குடும்பத்துத் திருமணம். மணமகள் லொரேன் நாட்டு கிறிஸ்தீன். ஜெலோசி குழுவின் இசபெல்லா அந்த்ரேயினி அன்று பைத்தியக் காட்சி ஒன்றை நடித்தார். காதலில் ஏமாந்து புத்தி பேதலித்த பெண். முதலில் ஸ்பானிஷ், கிரேக்கம் என்று பேச்சு தாவுகிறது. மணமகளைக் குளிர்விக்கப் பிரெஞ்சுப் பாட்டு. கடைசியில் தன் குழுவில் உள்ள ஒவ்வொரு முகமூடியின் பேச்சையும், பந்தலோனே, தொத்தோரே, ஸன்னி என்று ஒன்று விடாமல் அவரே பேசிக் காட்டினார். பைத்தியம் என்றால் என்ன? ஒரே தலைக்குள் எல்லா ஊரும் ஒரே நேரத்தில் பேசுவது. இதில் சோறு எங்கே இருக்கிறது?

அரை முகமூடி | ஞாயிறு, பகல் 1.05

சில ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பாவில் ஒரு சிறிய ஊரில் இரண்டு வார முகமூடிப் பயிற்சிக்குப் போனேன். ஆசிரியர் பெயரும் ஊர்ப் பெயரும் வேண்டாம், நான் அங்கே பட்ட அவமானத்துக்கு அவர்கள் பொறுப்பல்ல.

படத்தில் பார்ப்பதற்கும் மாட்டிக்கொள்வதற்கும் ஏகப்பட்ட வித்தியாசம். அது அரை முகமூடி, மேலுதட்டோடு நின்றுவிடும். தோலால் ஆனது. மர அச்சின்மேல் ஈரத்தோலைப் போர்த்தி, கொம்புச் சுத்தியலால் தட்டித் தட்டி உருவேற்றுவார்கள். முதல் நாள் மூக்கைத் துளைப்பது தோல் வாடையும், நமக்கு முன் அதை மாட்டியவர்களின் வியர்வை வாடையும். அரை மணி நேரத்தில் உள்பக்கம் நனைந்து முகத்தோடு ஒட்டிக்கொள்ளும். வேலைக்காரப் பாத்திரமான அர்லெக்கீனோ முகமூடியின் கண் துளை மிகச் சிறியது. காலடி தெரியாது. பக்கவாட்டில் ஒன்றுமே தெரியாது. நான் பழக்கதோஷத்தில் விழியை மட்டும் திருப்பிக்கொண்டிருந்தேன். “உனக்குக் கண் கிடையாது, மூக்குதான் பார்க்கும்” என்றார் ஆசிரியர். எதைப் பார்க்க வேண்டுமானாலும் முழு மூக்கையும் அந்தப் பக்கம் திருப்ப வேண்டும். அதைப் பழகுவதற்குள் இரண்டு முறை மேடையிலிருந்து விழுந்தேன்.

விஷயத்துக்கு வருகிறேன். பதினெட்டாம் நூற்றாண்டு வெனிஸ் நாடகாசிரியர் கோல்தோனியின் ‘இரண்டு எசமானர்களின் வேலைக்காரன்’ நாடகத்தில் ஒரு காட்சி. வேலைக்காரன் பிரிக்கக் கூடாத கடிதத்தைப் பிரித்துவிட்டான். மறுபடி ஒட்ட வேண்டும். ரொட்டியை மென்று, அந்தப் பசையால் ஒட்டுவது என்று முடிவு செய்கிறான். மெல்கிறான். தொண்டைக்குள் போய்விடுகிறது. இன்னொரு துண்டு. அதுவும் போய்விடுகிறது. காலையிலிருந்து பட்டினி.

அதை நான் செய்ய வேண்டும். அன்று மதியச் சாப்பாடு தாமதமாகியிருந்தது, எனக்கு உண்மையிலேயே நல்ல பசி. ரொட்டியை மென்றேன், விழுங்கினேன். மறுபடி மென்றேன், விழுங்கினேன். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. சாப்பிடுகிறவனைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆசிரியர் சொன்னது: “நீ விழுங்க ஆசைப்படுகிறாய். அவன் விழுங்கக் கூடாது என்று ஆசைப்படுகிறான்.” மறுமுறை கையால் தொண்டையைப் பிடித்து நிறுத்தப் பார்த்தேன். நாக்கிடம் கெஞ்சினேன். ரொட்டி இறங்கியதும் ஓர் உறவினர் ரயிலேறிப் போய்விட்ட மாதிரி நின்றேன். அப்போது சிரித்தார்கள்.

அதனால் எனக்குத் தெரிந்தவரை சிரிப்பு பசியில் இல்லை. கைக்கு ஓர் உத்தரவு, தொண்டைக்கு ஓர் உத்தரவு, இரண்டுக்கும் நடுவில் ஓர் ஆள். மூன்றாம் மணி சொன்ன நாற்காலிக் காட்சியும் அதுதானே?

மூன்றாம் மணி | ஞாயிறு, பகல் 1.30

இதற்குமேல் நான் இழையை மூடிவிட்டுப் போகலாம் போலிருக்கிறது. ரொட்டிக் காட்சியை நான் மறந்தே போனேன்.

ஒரு தகவல் மட்டும் சேர்க்கிறேன். அந்த நாடகத்தை ஜோர்ஜோ ஸ்ட்ரேலர் 1947-இல் மிலான் பிக்கோலோ அரங்கில் மறுபடி உயிர்ப்பித்தபோது நாயகன் மார்ச்செல்லோ மொரெத்தி. சரியான முகமூடி இல்லாமல் முதலில் திண்டாடினார்கள். பிறகு அம்லேத்தோ சர்த்தோரி என்ற சிற்பி, கைவிடப்பட்டுக் கிடந்த தோல் முகமூடித் தொழிலை மறுபடி கற்று அவருக்குச் செய்து கொடுத்தார். மொரெத்தி 1961-இல் இறந்தார். அவருக்குப் பின் ஃபெருச்சோ சொலெரி அதே வேடத்தை அரை நூற்றாண்டுக்கு மேல் போட்டார். எண்பது வயதுக்கு மேலும் குட்டிக்கரணம் அடித்த மனிதர்.

புதியவன்77 | ஞாயிறு, மாலை 4.20

எல்லாருக்கும் வணக்கம். தவறாக இருந்தால் மன்னிக்கவும். நரகத்தைப் பற்றி எழுதிய தாந்தேயின் காவியத்துக்கு ஏன் ‘கொமேதியா’ என்று பெயர்? அதில் சிரிப்பதற்கு என்ன இருக்கிறது?

ஒற்றெழுத்து | ஞாயிறு, மாலை 5.10

தவறே இல்லை, தம்பி. அன்றைய இலக்கணத்தில் துன்பத்தில் தொடங்கி இன்பத்தில் முடிவது கொமேதியா. நரகத்தில் இறங்கி சொர்க்கத்தில் ஏறி முடிகிறது. இன்னொரு காரணம், லத்தீனில் எழுதாமல் சந்தையில் பேசுகிற மொழியில் எழுதியது. ‘தெய்வீக’ என்ற அடைமொழி தாந்தே வைத்ததல்ல. 1555-இல் வெனிஸில் ஒரு பதிப்பில் ஒட்டிக்கொண்டது.

சிரிப்பு வேண்டுமென்றால் நரகத்தின் 21-ஆம் காண்டத்தைப் பாருங்கள். பேய்ப்படை ஒன்று அணிவகுத்துப் புறப்படுகிறது. படைத்தலைவன் ஊதும் எக்காளம் அவனுடைய பின்புறத்திலிருந்து வருகிறது. உலகத்தின் மாபெரும் ஆன்மிகக் காவியத்தில், காண்டத்தின் கடைசி வரியாக இதை வைத்தவர் தாந்தே.

மூன்றாம் மணி | ஞாயிறு, மாலை 5.45

ஒற்றெழுத்து நைசாகத் தாந்தேயைத் தன் கட்சியில் சேர்த்துக்கொள்கிறார். விடமாட்டேன். தாந்தேவும் அவர் நண்பர் ஃபொரேசே தொனாத்தியும் இளமையில் ஒருவரையொருவர் சொனட்டுகளில், அதாவது பதினான்கு வரிக் கவிதைகளில், திட்டிக்கொண்டவர்கள். நம் ஊர் வசைகவி கெட்டது போங்கள். தாந்தே அதில் ஃபொரேசேயின் தீனிப்பழக்கத்தைப் போட்டுக் கிழித்திருப்பார். பிறகு நண்பர் இறந்துபோனார். காவியத்தில் அவர் எங்கே வருகிறார் தெரியுமா? நரகத்துக்கும் சொர்க்கத்துக்கும் நடுவில் உள்ள உத்தரிக்கும் தலத்தின் 23-ஆம் காண்டத்தில், பெருந்தீனிக்காரர்கள் பட்டினி கிடந்து பாவம் கழிக்கும் இடத்தில். கண் குழிந்து, எலும்பும் தோலுமாக. முகம் அடையாளம் தெரியவில்லை, குரலை வைத்துத்தான் தாந்தே கண்டுகொள்கிறார்.

இளமையில் அடித்த சாப்பாட்டுக் கேலியை மனிதர் மறக்கவே இல்லை.

கவிதையில் இன்னும் இருக்கிறது. பதினைந்தாம் நூற்றாண்டில் ஃபிளாரென்ஸின் லுயிஜி புல்ச்சி எழுதிய ‘மொர்காந்தே’யில் மர்குத்தே என்று ஓர் அரை ராட்சதன். நீ கிறிஸ்தவனா, சராசேனியனா (முஸ்லிமா) என்று கேட்டால், கறுப்பையும் நம்பவில்லை, நீலத்தையும் நம்பவில்லை, கொழுத்த சேவலைத்தான் நம்புகிறேன், வேகவைத்தாலும் சரி, வறுத்தாலும் சரி என்பான். அவன் சாவதும் சிரிப்பில்தான். அவனுடைய காலணியை ஒரு குரங்கு மாட்டுவதும் கழற்றுவதுமாக இருப்பதைப் பார்த்துச் சிரித்துச் சிரித்து வெடித்துச் சாகிறான்.

இருபதாம் நூற்றாண்டுக்கு வந்தால், ரோமாபுரிப் பேச்சில் எழுதிய த்ரிலுஸ்ஸா புள்ளிவிவரத்தைப் பற்றி ஒரு கவிதை எழுதினார். கணக்குப்படி ஆளுக்கு ஆண்டுக்கு ஒரு கோழி வருகிறதாம். உன் வீட்டுக்கு வரவில்லையா? பரவாயில்லை, யாரோ ஒருவன் இரண்டு தின்கிறான், சராசரி சரியாகிவிட்டது!

கல்லாப்பெட்டி | ஞாயிறு, மாலை 6.02

அந்தக் கோழிக் கவிதையை எங்கள் அலுவலகத்தில் சட்டம் போட்டு மாட்டியிருக்க வேண்டும்.

ஒற்றெழுத்து | ஞாயிறு, இரவு 7.30

த்ரிலுஸ்ஸா ரோமாபுரிப் பேச்சில் எழுதினார் என்று நீங்களே சொல்கிறீர்கள். ஏட்டு இத்தாலியத்தில் எழுதினால் அது சிரிப்பாக இருக்காது என்பது அவருக்குத் தெரியும். அவருக்கு முன் அதே பேச்சில் 2,279 சொனட்டுகள் எழுதிக் குவித்த பெல்லிக்கும் தெரியும். போப்பின் ஆட்சியில் போப்பையே கிழித்த அந்தச் சொனட்டுகளைப் பெல்லி வாழும்போது அச்சேற்றத் துணியவில்லை. எரித்துவிடச் சொல்லியும் ஒரு பாதிரியார் நண்பர்தான் பாதுகாத்தார். வேடிக்கை என்னவென்றால், முதுமையில் பெல்லியே போப் அரசின் நாடகத் தணிக்கையாளராகி ஷேக்ஸ்பியரையும் வெர்தியையும் வெட்டிக்கொண்டிருந்தார்.

சரி, சமாதானத்துக்கு ஒரு பெயர் தருகிறேன். மாந்துவா பக்கத்துத் தியோஃபிலோ ஃபொலெங்கோ. துறவி. 1517-இல் முதலில் வெளியான ‘பால்துஸ்’ அவருடைய காவியம். லத்தீன் இலக்கணத்தில் வட்டாரச் சொற்களைப் பிசைந்து எழுதியது. இந்தக் கலப்படத்துக்கு அவர் கொடுக்கும் விளக்கம்: மாவும் பாலாடைக்கட்டியும் வெண்ணெயும் சேர்த்துப் பிசைகிற மக்கரோனி மாதிரி முரட்டுப் பண்டம். காவியத் தொடக்கத்தில் கலைமகள்களை அழைக்க வேண்டும் அல்லவா? அவருடைய கலைமகள்கள் பாலாடைக்கட்டி மலையின்மேல் உட்கார்ந்து சீவிக்கொண்டும் பானை கிளறிக்கொண்டும் இருக்கிறார்கள்.

இங்கே மொழியும் உணவும் ஒரே பாத்திரத்தில். பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்வோமா?

மாடிப்படி | ஞாயிறு, இரவு 9.15

சமாதானம் ஆவதற்கு முன் ஒரு கல்லை எறிந்துவிட்டுப் போகிறேன்.

ஐந்நூறு ஆண்டுகளை ஒரே நூலில் கோப்பது பார்க்க அழகாக இருக்கிறது, அவ்வளவுதான். ஸன்னியின் பசியைப் பார்த்துச் சிரித்தவர்கள் யார்? மாந்துவாவின் கொன்சாகா பிரபுக்களும் பிரான்ஸ் மன்னரும். முதல் அர்லெக்கீனோ என்று சொல்லப்படுகிற த்ரிஸ்தானோ மர்த்தினெல்லி 1601-இல் லியோனில் ஒரு புத்தகம் அச்சிட்டார். மன்னர் நான்காம் ஹென்றிக்கும் அரசி மரீ தெ மெதிச்சிக்கும் காணிக்கை. பக்கங்களில் பெரும்பாலானவை வெற்றுத்தாள். எழுதியிருக்கிற பக்கங்களில் அவர் கேட்பது சாப்பாடு அல்ல, தங்கச் சங்கிலி! நல்ல வருமானம் உள்ள மனிதர், பசித்தவன் வேடம் போட்டுப் பணக்காரர்களைச் சிரிக்கவைத்தார். பெர்கமோ மூட்டைக்காரன் அந்த அரங்கத்துக்குள் இருந்தானா?

சினிமாவும் அப்படித்தான். 1958-இல் மொனிச்செல்லியின் ‘இ சொலித்தி இஞ்ஞோத்தி’ வந்ததே, அதற்கு முகமூடி நாடகம் தாத்தா அல்ல. அதன் கதாசிரியர்கள் ஆஜே, ஸ்கர்ப்பெல்லி இருவரும் ‘மார்க் அவ்ரேலியோ’ என்ற ரோமாபுரி நகைச்சுவைப் பத்திரிகையில் வளர்ந்தவர்கள். 1931-இல் தொடங்கியது. ஃபெல்லினி, ஸ்தெனோ, எத்தோரே ஸ்கோலா எல்லாரும் அங்கே துணுக்கு எழுதிப் பழகியவர்கள். அதோடு போருக்குப் பிந்திய நியோரியலிசம். தெருவில் உண்மையான ஏழையைப் படம் பிடிக்கப் பழகியிருந்தார்கள், அதே ஏழையை வைத்துச் சிரிக்கவும் தொடங்கினார்கள். இதற்கு அர்லெக்கீனோ எதற்கு?

செங்காந்தள் | ஞாயிறு, இரவு 10.40

மாடிப்படி சொல்வதில் பாதியை ஏற்கிறேன். மீதிப் பாதிக்கு வருமுன் உங்கள் எல்லாரிடமும் ஒரு குறை. ஒரு நாள் முழுக்கப் பேசியும் பெண் என்று வந்தது இசபெல்லா ஒருவர்தான், அதுவும் ஒற்றெழுத்துக்குச் சான்றாக. கல்லாப்பெட்டி ஐயா சொன்ன 1545 பத்திரத்தில் எட்டும் ஆண்கள். 1564-இல் ரோமில் எழுதிய இன்னொரு குழுப் பத்திரத்தில் லுக்ரேசியா என்ற பெண் கையெழுத்திட்டிருக்கிறார். லண்டனில் பெண் வேடத்துக்குப் பையன்களைத் தேடிக்கொண்டிருந்த காலம் அது. அங்கே 1660 வரை அதே கதை. இசபெல்லா நடிகை மட்டும் இல்லை, நாடகமும் கவிதையும் எழுதி அச்சிட்டவர். 1604-இல் லியோனில் கரு கலைந்து இறந்தபோது ஊரே மரியாதை செய்தது, நினைவாகப் பதக்கம் வார்த்தார்கள். கணவர் ஃபிரான்செஸ்கோ அதோடு குழுவைக் கலைத்துவிட்டார்.

இப்போது சினிமா. பசிதான் எல்லாம் என்றால் 1960-களை எப்படி விளக்குவீர்கள்? வயிறு நிறைந்துவிட்டது. வீட்டில் குளிர்பெட்டி, வாசலில் கார். தீனோ ரீசியின் ‘இல் சொர்ப்பாஸோ’, 1962. ஆகஸ்ட் 15 விடுமுறையில் ஆளரவமற்ற ரோம். நடிகர் காஸ்மன் லன்சியா அவ்ரேலியா காரில் வருகிறார். முன்பின் தெரியாத ஒரு சட்ட மாணவனை ஏற்றிக்கொண்டு, எதிர்ப்படுகிற வண்டியையெல்லாம் முந்துகிறார். தலைப்புக்கே ‘முந்துதல்’ என்றுதான் பொருள். அந்தப் படத்தில் யாருக்கும் பசி இல்லை. எங்கே போவது என்றுதான் தெரியவில்லை. கடைசியில் ஒரு வளைவில் என்ன நடக்கிறது என்பதை—

மட்டுறுத்துனர் | ஞாயிறு, இரவு 10.44

முடிவைச் சொல்லாதீர்கள்! போன மாதம் இதே காரணத்துக்கு மூன்று புகார் வந்தது.

செங்காந்தள் | ஞாயிறு, இரவு 11.05

சொல்லவில்லை, அறுபது ஆண்டு ஆகிவிட்ட படம் ஐயா!

அடுத்து, என்னைப் பொறுத்தவரை இந்த வகையின் உச்சமான பியேத்ரோ ஜெர்மியின் ‘தீவோர்ட்சியோ அல்லித்தாலியானா’, 1961. ‘இத்தாலிய பாணி விவாகரத்து’. விமர்சகர்கள் ‘இத்தாலிய பாணி நகைச்சுவை’ என்று ஒரு வகைக்கே பெயர் வைத்தது இந்தத் தலைப்பைப் பார்த்துத்தான். முதலில் அது இளக்காரமாகச் சொன்ன பெயர்.

சிசிலியில் ஒரு நொடித்துப்போன பிரபு, மாஸ்த்ரொயான்னி. தலையில் எண்ணெய், உதட்டோரம் ஒரு துடிப்பு. மனைவியைப் பிடிக்கவில்லை, சின்னப் பெண் ஒருத்திமேல் ஆசை. அன்று இத்தாலியில் விவாகரத்துக்கு வழியே இல்லை, 1970-இல்தான் சட்டம் வந்தது. ஆனால் தண்டனைச் சட்டம் 587-ஆம் பிரிவு ஒன்று இருந்தது. கள்ள உறவில் கண்ட மனைவியையோ மகளையோ சகோதரியையோ ஆத்திரத்தில் கொன்றால் மூன்று முதல் ஏழு ஆண்டு சிறை, அவ்வளவுதான். ஆக, பிரபு செய்ய வேண்டியது என்ன? மனைவிக்கு ஒரு காதலனைத் தேடிக் கொடுக்க வேண்டும்! இடையிடையே மனைவியைச் சோப்புக் கொப்பரையில் தள்ளுவதாகவும், புதைமணலில் இறக்குவதாகவும், ராக்கெட்டில் ஏற்றி அனுப்புவதாகவும் பகற்கனவு.

முதல்முறை பார்த்தபோது விழுந்து விழுந்து சிரித்தேன். முடிந்தபின் 587-ஆம் பிரிவு எப்போது ஒழிந்தது என்று தேடினேன். 1981. அதாவது அரங்கில் ஜனங்கள் சிரித்துவிட்டு வீட்டுக்குப் போய் இருபது ஆண்டுகள் அந்தச் சட்டம் அப்படியே இருந்திருக்கிறது. இதில் வயிறும் இல்லை, நாக்கும் இல்லை. சட்டப் புத்தகம்தான் முகமூடி போட்டுக்கொண்டு நடிக்கிறது.

அரை முகமூடி | திங்கள், காலை 7.20

ஆனால் அந்தப் பிரபுவின் சிக்கல் ரொட்டிக் காட்சியின் சிக்கலேதான். உடம்பு ஒன்று கேட்கிறது, ஊர் ஒன்று கேட்கிறது. ஊருக்கு மானம், உடம்புக்குச் சின்னப் பெண். மாஸ்த்ரொயான்னியின் உதட்டுத் துடிப்பைப் பாருங்கள், அரை முகமூடிக்குக் கீழே தெரிகிற வாய் அப்படித்தான் வேலை செய்யும்.

மாடிப்படி | திங்கள், காலை 8.00

இப்படிப் போனால் பல்வலிக்காரன்கூட அர்லெக்கீனோதான்.

திருக்காவலூரான் | திங்கள், காலை 10.30

தாமதமாக வந்தேன். மாந்துவா, கொன்சாகா என்றெல்லாம் படித்ததும் கை துறுதுறுத்தது. நம் வீரமாமுனிவர், கொன்ஸ்தான்சோ பெஸ்கி, 1680-இல் பிறந்தது காஸ்தில்யோனே தெல்லே ஸ்திவியேரே என்ற ஊரில். மாந்துவா பக்கம்தான், கொன்சாகா குடும்பக் கிளை ஒன்று ஆண்ட ஊர். ஃபொலெங்கோவின் மண், மர்த்தினெல்லியின் மண். அந்த மண்ணிலிருந்து வந்தவர் இங்கே பரமார்த்த குருவையும் மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்ற ஐந்து சீடர்களையும் எழுதினார். தன்னை விட்டுவிட்டுத் தலைகளை எண்ணுகிறவன், ஆறு தூங்குகிறதா என்று கொள்ளிக்கட்டையால் தொட்டுப் பார்க்கிறவன். தப்புத்தப்பாக ஞானம் பேசும் குரு, தொத்தோரேயின் தம்பியாக இருக்கக் கூடாதா?

ஒற்றெழுத்து | திங்கள், காலை 11.10

ஊர் பொருத்தம் அருமை, ஐயா. ஆனால் ஒரே மண் என்பதால் ஒரே விதை என்று சொல்ல முடியாது. தன்னை எண்ண மறக்கும் முட்டாள் கதை பல நாடுகளில் உலவுவது. பெஸ்கி அதை இங்கே திண்ணையில் கேட்டிருக்கலாம், அங்கே அடுப்படியில் கேட்டிருக்கலாம். எனக்குப் பிடித்தது வேறு: தேம்பாவணி எழுதிய அதே கை, செந்தமிழை இறக்கி வைத்துவிட்டு எளிய உரைநடையில் மூடர் கதை சொல்லி, அதற்கு லத்தீன் மொழிபெயர்ப்பும் செய்து வைத்தது. அந்த இடத்தில் ஃபொலெங்கோ சிரித்திருப்பார்.

கல்லாப்பெட்டி | திங்கள், மாலை 6.45

மாடிப்படி சார் சங்கிலி கேட்ட நடிகரைச் சொன்னார். எல்லாருக்கும் சங்கிலி கிடைக்கவில்லை. கோல்தோனி சிறுவனாக இருந்தபோது படிப்பை விட்டு ரிமினியிலிருந்து ஒரு நாடகக் குழுவின் படகில் ஓடிவந்தார். அந்தப் படகில் இருந்தவற்றுக்குப் பிற்காலத்தில் ஒரு பட்டியல் எழுதினார். நடிகர் நடிகையர் பன்னிரண்டு பேர், வசனம் எடுத்துக்கொடுப்பவர் ஒருவர், வேலைக்காரர் எட்டு, பணிப்பெண்கள் நால்வர், செவிலிகள் இருவர், எல்லா வயதிலும் குழந்தைகள், நாய், பூனை, குரங்கு, கிளி, புறா, ஓர் ஆட்டுக்குட்டி. நோவாவின் பேழை என்கிறார். சரக்குப் பட்டியலை இவ்வளவு பாசத்தோடு எழுதிய வேறு ஆளை நான் படித்ததில்லை.

அவர் முகமூடிகளைக் கழற்றி, வசனத்தை எழுதி வைத்து நடிக்கச் சொன்னார். ஒரே பருவத்தில் பதினாறு நாடகம் எழுதித் தருவதாக அறிவித்து, எழுதியும் கொடுத்தார். எதிரணி நாடகாசிரியர் கார்லோ கொட்சி பழைய முகமூடிகளைக் கொண்டே 1761-இல் ஆரஞ்சுப்பழத் தேவதைக் கதை போட்டு அவரைக் கேலி செய்ய, மறு ஆண்டு கோல்தோனி பாரிசுக்குப் போய்விட்டார். அங்கே அரச உதவித்தொகையில் வாழ்ந்தார். புரட்சி வந்தது, தொகை நின்றது. 1793 பிப்ரவரி 6 அன்று வறுமையில் இறந்தார். மறுநாள் பிரெஞ்சு மன்றம் அவருக்கு உதவித்தொகையை மீண்டும் வழங்கத் தீர்மானம் போட்டது.

இதை நாடகத்தில் எழுதியிருந்தால் கொட்சி நம்பியிருக்க மாட்டார்.

புதியவன்77 | செவ்வாய், இரவு 11.20

நீங்கள் சொன்னதால் ‘இ சொலித்தி இஞ்ஞோத்தி’யை இன்று அப்பாவோடு பார்த்தேன். கட்டடத் தொழிலாளியாக இருந்தவர். படத்தின் அடியில் ஓடும் எழுத்தை நான் படித்துச் சொல்லிக்கொண்டே வந்தேன். அடகுக் கடையைக் கொள்ளையடிக்கப் போகும் ஐந்து சில்லறைத் திருடர்கள். டோட்டோ மொட்டை மாடியில் பாடம் நடத்துகிறார், காயப்போட்ட துணிகளுக்கு நடுவில் பெட்டி உடைக்கும் வகுப்பு. இரவெல்லாம் பாடுபட்டுச் சுவரை உடைத்தால், அது அடகுக் கடைச் சுவர் இல்லை. அதே வீட்டின் சமையலறைச் சுவர். அங்கே பாஸ்தாவும் கொண்டைக்கடலையும் சேர்த்துச் செய்த குழம்பு இருக்கிறது. உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள்.

மூன்றாம் மணி அண்ணா, அங்கே நான் சிரித்தேன், அப்பா சிரிக்கவில்லை. “பாவம், சூடு பண்ணியாவது சாப்பிடட்டும்” என்றார்.

அவர் சிரித்தது கடைசியில். விடிந்துவிட்டது. போலீஸ்காரர் கண்ணில் படாமல் இருக்கக் காஸ்மன் ஒரு வேலைத்தள வாசலில் நிற்கும் கூட்டத்துக்குள் நுழைகிறார். கதவு திறக்கிறது. கூட்டம் அவரை உள்ளே தள்ளிக்கொண்டு போகிறது. வெளியே நிற்கும் கிழவர் பதறிப்போய் “உன்னை வேலை செய்ய வைத்துவிடுவார்கள்!” என்று கத்துகிறார். அப்பாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, இருமலே வந்துவிட்டது. தண்ணீர் கொடுத்தேன். அந்த வரியை மறுபடி போடச் சொன்னார். மூன்று முறை போட்டேன்.

மூன்றாம் மணி | செவ்வாய், இரவு 11.32

அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அடுத்த வாரம் ‘லா கிராந்தே குவேர்ரா’வைப் போட்டுக் காட்டுங்கள். போர்க்களத்தில் வேலைக்கு டிமிக்கி கொடுக்கும் இரண்டு சிப்பாய்கள், காஸ்மனும் சோர்தியும். அவர் எங்கே சிரிக்கிறார் என்று எழுதுங்கள். முடிவை நான் சொல்ல மாட்டேன், மட்டுறுத்துனர் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

கல்லாப்பெட்டி | புதன், காலை 6.10

அந்தக் கொண்டைக்கடலையை முதல் நாளே ஊற வைக்க வேண்டுமா? வீட்டில் கேட்கிறார்கள்.